பழைய பள்ளிப் பத்திரிகைகளில் பெரிய பிள்ளைகளுக்கான இலக்கியம்: நாஞ்சில் நாட்டிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு, 1900 முதல் 1940 வரை வந்த பள்ளிப் பத்திரிகைகளைத் தேடிப் போய்ப் படிப்பதே வேலையாகிவிட்டது. பழைய மாணவர் சங்கத்தார், ஆய்வு மாணவர்கள், பாட்டாவின் பெட்டியைத் திறந்து பார்த்த பேரப்பிள்ளைகள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

பள்ளிப் பத்திரிகை என்றால் இப்போதைய ஆண்டு மலர் மாதிரியா?

ஆண்டு மலர் அதன் கடைசிப் பிள்ளை. அந்தக் காலத்தில் பள்ளிப் பத்திரிகை என்றால் மூன்று வேறு விஷயங்களைச் சொல்லலாம். பள்ளிக்கூடமே வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை அச்சிட்டு, மாணவரும் ஆசிரியரும் எழுதியது ஒன்று. அரசாங்கக் கல்வித் துறை எல்லாப் பள்ளிக்கும் சேர்த்து வெளியிட்டது இன்னொன்று. இது வெளிநாடுகளில்தான் பெரிதாக நடந்தது. மூன்றாவது கையெழுத்துப் பத்திரிகை. நல்ல கையெழுத்து உள்ள பையன் ஒருவன் மொத்தத்தையும் எழுதுவான், படம் வரையத் தெரிந்தவன் அட்டை போடுவான். இருப்பது ஒரே பிரதி. அது கை மாறிக் கை மாறி வகுப்பு முழுக்கச் சுற்றிவரும். அச்சில் வந்தவற்றைவிட அதில்தான் துணிச்சலான எழுத்து இருந்தது என்பது என் எண்ணம். ஒரே பிரதி என்பதால் அதுதான் அதிகம் தொலைந்தும் போயிற்று.

பெரிய பிள்ளைகள் என்று எந்த வயதைச் சொல்கிறீர்கள்?

பாரம் கணக்கில் நாலாவது பாரம் முதல் ஆறாவது பாரம் வரை. ஏறத்தாழ இன்றைய ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகள். பாட்டாமார் 'சிக்ஸ்த் பாரம் படிச்சவரு' என்று ஒருவரைப் பற்றி மரியாதையாகச் சொல்வது அந்தக் கடைசி வகுப்பைத்தான். பதினாலு முதல் பதினேழு வயது என்று வைத்துக்கொள்ளலாம். பிந்திச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருந்ததால் மீசை முளைத்தவர்களும் அந்த வகுப்பில் இருந்தார்கள்.

இவர்களுக்கென்று தனியாக இலக்கியம் இருந்ததா?

தமிழில் மிகக் குறைவு. 1915ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாரதியின் 'பாப்பா பாட்டு' சுப்பிரமணிய சிவாவின் 'ஞானபாநு'வில் வந்தது அந்த வருஷம். வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 'விவேகபோதினி'யில் வந்ததும் அதே வருஷம். ஒன்று மடியில் உட்காரும் குழந்தைக்கு. மற்றது கல்யாணமான பெரியவர்களின் துயரம். நடுவில் நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்ன இருந்தது? பாடப்புத்தகத்தில் நீதி நூல், செய்யுள் பாகம், புராணத்திலிருந்து ஒரு பகுதி. இவ்வளவுதான்.

அந்த இடைவெளியைத்தான் பள்ளிப் பத்திரிகை நிரப்பியது. பெரியவர்கள் எழுதிக் கொடுத்து நிரப்பவில்லை, பெரும்பாலும் பிள்ளைகளே எழுதி நிரப்பினார்கள். அந்தப் பக்கங்களை நான் இலக்கியமாக மதித்துப் படிப்பது இதனால்தான்.

சரி, உள்ளே என்னதான் இருந்தது?

நான் பார்த்தவற்றில் முதல் பக்கங்கள் எல்லாம் ஒரே மாதிரி: கடவுள் வாழ்த்து, மன்னர் வாழ்த்து, பத்திராதிபர் குறிப்பு. பிறகு ஒரு ஆசிரியரின் வியாசம். கட்டுரை என்ற சொல் நிலைபெறுவதற்கு முன் வியாசம் என்றுதான் போடுவார்கள். தலைப்பு 'ஒழுக்கம்', 'காலத்தின் அருமை', 'கல்வியின் பயன்' என்று இருக்கும். இவற்றை நான் வேகமாகப் புரட்டிவிடுவேன். ஒரு பள்ளியின் பத்திரிகையில் படித்துவிட்டால் எல்லாப் பள்ளியிலும் படித்த மாதிரி.

நின்று படிக்க வேண்டியது மாணவர் பகுதி. அதில் ஆங்கிலப் பாடத்தில் படித்த கவிதைகளைத் தமிழ்ச் செய்யுளாக ஆக்கிய முயற்சிகள் இருக்கும். கம்பனிலிருந்து ஒரு காட்சியை எடுத்து நாடகமாக்கியிருப்பார்கள். விடுகதை, சிலேடை, மாறிப்போகும் தலைமையாசிரியருக்குப் பிரிவுபசாரப் பா, இறந்துபோன வகுப்புத் தோழனுக்கு இரங்கற்பா எல்லாம் உண்டு. காய்ச்சலில் பிள்ளைகள் சாதாரணமாகச் செத்துப்போன காலம். அந்த இரங்கற்பாக்களில் பழைய உவமைகள்தான் வரும், வாழை குருத்திலே சாய்ந்தது, விளக்கு எண்ணெய் இருக்கவே அணைந்தது என்று. ஆனாலும் எழுதிய பையன் அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்று தெரிந்து படிக்கும்போது அந்த உவமை பழசாகத் தெரிவதில்லை.

அடுத்தது சுற்றுலா வியாசம். நம் மாவட்டத்தில் இதற்குக் குறைவே இல்லை. பத்மநாபபுரம் அரண்மனை, மருத்துவாழ்மலை, சிதறால் மலையிலுள்ள சமணச் சிற்பங்கள், வட்டக்கோட்டை, 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை. உதயகிரிக் கோட்டைக்குப் போனவர்கள் டிலனாய் கல்லறையைப் பார்க்காமல் வரமாட்டார்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, 1777இல் இறந்த டச்சுக்காரர் அவர். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது. ஒரு பையன் அந்தத் தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்து, படிக்க முடியாத இடத்தில் புள்ளி வைத்து, அப்படியே பத்திரிகையில் கொடுத்திருந்தான். கல்வெட்டு ஆய்வாளர் செய்கிற காரியத்தை அவன் பதினாறு வயதில் யாரும் சொல்லாமலே செய்திருக்கிறான்.

ஈற்றடிப் போட்டி என்று ஒன்று வருகிறதே, அது என்ன?

கடைசி அடியை ஆசிரியர் கொடுத்துவிடுவார். மேலே உள்ள மூன்று அடியையும் மாணவர் எழுதி வெண்பாவை முடிக்க வேண்டும். சரியாக வந்தவை அடுத்த இதழில் பெயரோடு அச்சாகும்.

விளையாட்டுப் போலத் தோன்றும், கடினமான வேலை. உதாரணத்துக்கு நானே ஒன்று சொல்கிறேன்: 'குளத்தில் நிலவின் குளிர்'. முதல் இரண்டு சீரும் நிரை நேர், அதாவது புளிமா. மாச்சீருக்குப் பின் நிரைதான் வர வேண்டும் என்பதால் 'நிலவின்', 'குளிர்' இரண்டுமே நிரையில் தொடங்குகின்றன. கடைசிச் சீர் 'மலர்' வாய்பாட்டில் முடிகிறது. இதற்கு எதுகை சேர மூன்றாம் அடியின் முதல் சொல்லில் இரண்டாம் எழுத்து ளகரமாக இருக்க வேண்டும். இப்போது பையன் தேடத் தொடங்குகிறான். பறக்கை, சுசீந்திரம் பக்கத்து வயல்காட்டுப் பையனுக்குச் சட்டென்று 'களத்தில்' வரும், நெல் அடிக்கும் களம். புத்தளத்துப் பையனுக்கு 'அளத்தில்' வரும், ஏனென்றால் அவன் வீட்டு வாசலில் இருப்பது உப்பளம். படிப்பாளி வீட்டுப் பையன் 'உளத்தில்' என்று தத்துவம் பேசுவான். இலக்கணம் கொடுத்த நெருக்கடியே அவனவன் ஊரை வெளியே இழுத்துவிடுகிறது.

இந்த விளையாட்டு நம் ஊரில் வேரோடிப் போனதற்கு ஒரு காரணமும் உண்டு. இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டியவர். நூறு விஷயத்தை ஒரே நேரத்தில் மனசில் நிறுத்திப் பதில் சொல்லும் அந்தக் கலையில், சபையார் கொடுக்கும் ஈற்றடிக்கு வெண்பா முடிப்பதும் ஒரு பகுதி. நம்ம ஊர்க்காரர் செய்த வித்தையை நம்ம பள்ளிக்கூடத்திலும் செய்து பார்க்கலாம் என்ற ஆசை பிள்ளைகளுக்கு வராமல் இருக்குமா?

வெளிநாட்டில் இந்த மாதிரி இதழ்கள் எப்படி இருந்தன?

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு வகை தெரிந்தால் போதும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கல்வித் துறை 1896இல் 'ஸ்கூல் பேப்பர்' என்ற இதழைத் தொடங்கியது. நியூசிலாந்து 1907இல் 'ஸ்கூல் ஜர்னல்' தொடங்கி, வயதுக்கு ஏற்ப மூன்று பாகமாகப் பிரித்தது. மூன்றாம் பாகம் ஐந்து, ஆறாம் வகுப்புப் பெரிய பிள்ளைகளுக்கு. நியூ சவுத் வேல்ஸ் 1916இல் ஆரம்பித்த 'ஸ்கூல் மேகசின்' இன்றும் வருகிறது. இவை பாடப்புத்தகத்தின் இடத்தையே பிடித்துக்கொண்டவை. ஆங்கிலேயக் கவிகள், வீரக் கதைகள், பேரரசின் பெருமை என்று ஒரு பக்கம். புதர்க்காடு, ஆட்டுப் பண்ணை என்று தங்கள் மண்ணைப் பற்றிய பாட்டு மெல்ல மெல்ல இன்னொரு பக்கம். கடல் தாண்டி வந்த இலக்கியத்துக்கும் காலடியில் கிடந்த இலக்கியத்துக்கும் இடையே அங்கேயும் ஓர் இழுபறி நடந்திருக்கிறது.

இங்கிலாந்தில் கல்வித் துறை இறங்கவில்லை, கடைச் சரக்காகவே வந்தது. சமயத் துண்டுப் பிரசுரச் சங்கம் 1879இல் பையன்களுக்கு 'பாய்ஸ் ஓன் பேப்பர்' தொடங்கி, அடுத்த வருஷமே பெண்பிள்ளைகளுக்குத் தனி இதழ் போட்டது. 1899 முதல் 1924 வரை வந்த 'தி கேப்டன்' மேல்வகுப்பு மாணவர்களை மனசில் வைத்து நடந்தது. பள்ளிக்கூடத்தையே களமாக வைத்து எழுதும் கதை அங்கே ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. தமிழில் அந்த வகை வளரவே இல்லை. நம் பள்ளிப் பத்திரிகைகளில் பள்ளிக்கூடத்தைப் பற்றிய கதையை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் பார்வையிடும் பத்திரிகையில் வாத்தியாரைப் பற்றி எழுத யாருக்குத் துணிவு வரும்? அந்தக் கதைகள் இருந்தால் கையெழுத்துப் பத்திரிகையில்தான் இருந்திருக்கும்.

நாஞ்சில் நாட்டுப் பத்திரிகைகளுக்கு என்று தனியாக ஏதாவது உண்டா?

உண்டு, மொழி. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரில், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். அரசாங்கம் மலையாளம், மேல்படிப்பு ஆங்கிலம், வீடு தமிழ். ஒரே பத்திரிகைக்குள் ஆங்கிலப் பகுதி, மலையாளப் பகுதி, தமிழ்ப் பகுதி என்று மூன்றும் வரிசையாக இருப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஆங்கிலம் முன்னால், தமிழ் கடைசியில். தமிழ்ப் பகுதியின் பக்கம் கம்மி. ஆனால் ஊர் வருவது அந்தக் கடைசிப் பகுதியில்தான்.

ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறேன். நண்பர் வீட்டு அரங்கில், அதாவது சாமான் வைக்கும் உள்ளறையில், பித்தளைப் பாத்திரத்துக்குக் கீழே கிடந்த தொகுதி. தலைப்பு 'எங்களூர் அறுவடை'. எழுதியவன் ஐந்தாம் பாரம். முதல் பத்தி முழுக்க 'விவசாயமானது ஜனங்களுக்கு ஜீவாதாரமாயிருக்கின்றது' என்ற தினுசில் நடக்கிறது. இரண்டாம் பத்தியில் வள்ளுவரைத் துணைக்குக் கூப்பிடுகிறான். மூன்றாம் பத்தியில் திடீரென்று நடை மாறுகிறது. கும்பப்பூ அறுப்பு என்று நம்ம ஊர்ப் பெயரிலேயே சொல்கிறான். சூடடிப்பு, பொலி தூற்றுவது, விடியலில் களத்துக்குக் காவல் இருந்த அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனது, காற்று வராமல் எல்லோரும் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றது. அந்தக் காத்திருப்புக்கு மட்டும் நாலு வரி. பிறகு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி 'ஆகவே விவசாயத்தின் பெருமை சொல்லற்பாலதன்று' என்று முடித்துவிடுகிறான். ஓரத்தில் யாரோ பென்சிலால் 'பொலி' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, 'நெற்குவியல்' என்று திருத்தியிருக்கிறார்கள்.

அந்த நாலு வரிக்காகத்தான் இந்தப் பத்திரிகைகளைப் படிக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நாஞ்சில் நாட்டு எழுத்து என்று பிற்காலத்தில் பெயர் வாங்கிய நடையின் முதல் மூச்சு, கட்டுரை நோட்டு நடையின் இடுக்கு வழியே வெளியே வருவதை அதில் கேட்கலாம்.

கவிமணிக்கும் பள்ளிப் பத்திரிகைகளுக்கும் என்ன தொடர்பு?

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை முதலில் ஒரு வாத்தியார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தேரூரில் 1876இல் பிறந்தவர். கோட்டாற்றிலும் நாகர்கோவிலிலும் பிறகு திருவனந்தபுரத்திலும் மொத்தம் 36 வருஷம் ஆசிரியப் பணி, ஓய்வு 1931இல். சிறுவனாக அவர் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழை ஒரு மடத்துத் தம்பிரானிடம் தனியாகக் கற்றுக்கொண்டார். மேலே சொன்ன மூன்று மொழிச் சூழல் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. எட்வின் ஆர்னால்டின் நூலைத் தழுவி 'ஆசிய ஜோதி' செய்ததும் அந்தச் சூழலின் பழக்கம்தான். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழ்ச் செய்யுளில் சொல்லிப் பார்ப்பது அன்றைய ஒவ்வொரு ஆறாம் பாரத்து மாணவனும் செய்து பார்த்த பயிற்சி. கவிமணியின் கையில் அது கலையாயிற்று.

பாட்டுகள் இதழ்களில் சிதறிக் கிடந்து, 1938இல்தான் 'மலரும் மாலையும்' என்று தொகுப்பாயின. குழந்தைப் பாட்டுக்காகவே அவரை எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் பெரிய பிள்ளைகள் அன்று ரகசியமாக ரசித்திருக்கக்கூடியது 'மருமக்கள்வழி மான்மியம்' என்று எனக்குப் படுகிறது. 1917, 18இல் 'தமிழன்' இதழில் தொடராக வந்தது, புத்தகமானது 1942இல். சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்குப் போகும் முறையால் வீட்டுக்குள் நடந்த அவலங்களைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன நூல் அது. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீட்டுப் பதினாறு வயதுப் பையனுக்கு அது கதை இல்லை, வீட்டில் நேற்று ராத்திரி நடந்த சண்டை. அந்த முறையை மாற்றிய சட்டம் 1926இல் வந்தது.

வேறு பெரிய எழுத்தாளர்கள் யாராவது பள்ளி நாளிலேயே எழுதினார்களா?

பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா மாணவராக இருந்தபோதே கவிதை எழுதத் தொடங்கியவர். எல்லோரும் இந்த மாதிரி ஒரு பெயரைத்தான் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், பிறகு எழுதாமலே போனவர்களின் பக்கம்தான் முக்கியம். ஆறாம் பாரத்தில் அருமையாக இரண்டு வெண்பா எழுதிவிட்டு, அதன்பின் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாகப் போய் வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியவரின் இலக்கியம் அந்த இரண்டு வெண்பாதான். அது வேறெங்கும் கிடைக்காது.

பெண்பிள்ளைகள் எழுதினார்களா?

எழுதினார்கள். இங்கே பெண் கல்வி முந்தித் தொடங்கியது. லண்டன் மிஷன் சங்கத்தார் நாகர்கோவிலில் 19ஆம் நூற்றாண்டின் முதல் பகுதியிலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார்கள். அவர்களுடைய அச்சகமும் நம்மூரில் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. எழுதக் கற்ற பெண்களும் அச்சடிக்கும் யந்திரமும் ஒரே ஊரில் இருந்தது சின்ன விஷயம் இல்லை. நாடார், சாம்பவர் முதலிய சமுதாயப் பிள்ளைகளுக்கு எழுத்து வாசல் திறந்ததிலும் மிஷன் பள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் பெண்களுக்குக் கொடுத்த தலைப்புகள் குறுகியவை: சுத்தம், தையல், இல்லறம், பொறுமை. நான் பார்த்த ஒரு இதழில் ஒரு மாணவி 'தையல்' என்ற தலைப்பில் தொடங்கி, லேஸ் பின்னும் அம்மாவின் விரலில் ஊசி குத்திக் காய்த்த இடத்தைப் பற்றியே பாதிப் பக்கம் எழுதியிருந்தாள். பெயர் இல்லை, 'ஒரு மாணவி' என்று மட்டும் போட்டிருந்தது. பையன்களுக்கு முழுப் பெயரும் பாரமும் போட்ட அதே இதழில்தான் இப்படி. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இதழில் கொல்லம் ஆண்டு போட்டிருக்கிறது. ஆங்கில வருஷம் எப்படிக் கண்டுபிடிப்பது?

கொல்லம் ஆண்டு திருவிதாங்கூரில் வழங்கிய மலையாள ஆண்டுக் கணக்கு. சிங்கம் (ஆவணி) முதல் விருச்சிகம் (கார்த்திகை) வரை என்றால் 824 கூட்டுங்கள். மகரம் (தை) முதல் கர்க்கடகம் (ஆடி) வரை என்றால் 825. நடுவில் தனு (மார்கழி) மாதம் மட்டும் டிசம்பர், ஜனவரி இரண்டிலும் விழும், தேதி பார்த்துத்தான் சொல்ல முடியும். 1103 துலாம் என்றால் 1927 அக்டோபர்-நவம்பர். 1103 கும்பம் என்றால் 1928 பிப்ரவரி-மார்ச்.

அட்டை கிழிந்து வருஷமே இல்லாவிட்டால் உள்ளே தேடுங்கள். 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' பற்றி வியாசம் இருந்தால் அது கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு வந்த இதழ். ராணி சேது லட்சுமிபாய்க்கு வாழ்த்துப்பா இருந்தால் 1924 முதல் 1931 வரை அவர் ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலமாகக் கொள்ளலாம். கோவில் நுழைவுப் பிரகடனத்தைக் கொண்டாடியிருந்தால் 1936 நவம்பருக்குப் பின்.

பழைய எழுத்தையும் நடையையும் எப்படிப் படிப்பது?

எழுத்து இரண்டு நாளில் பழகிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை', 'ணை' யானைத் தும்பிக்கை போல் வளைந்திருக்கும். 'றா', 'னா' சுழிந்திருக்கும். தமிழ் எண்களும் ஆங்காங்கே வரும். நடைதான் பயமுறுத்தும். வித்தியார்த்தி, கலாசாலை, உபாத்தியாயர், பிரசங்கம் என்று வடசொல் நிறைந்திருக்கும். 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய பிறகு சில ஆசிரியர்கள் கைபட்ட இதழ்களில் மாணவர், கல்லூரி, சொற்பொழிவு என்று மாறுவதைக் காணலாம். வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குக் கடினமாக இருப்பது காதுக்கு எளிதாக இருக்கும், ஏனென்றால் அவை மேடையில் வாசித்துப் பழகியவர்கள் எழுதியவை.

இது மாணவன் எழுதியதா, ஆசிரியர் எழுதிக் கொடுத்ததா என்று தெரியுமா?

முழுக்கத் தெரியாது. ஓர் இடத்திலும் தடுக்காத, ஊரே இல்லாத வியாசம் என்றால் நான் சந்தேகப்படுவேன். நடை நடுவில் மாறினால், ஒரு சொல் பேச்சிலிருந்து நழுவி விழுந்திருந்தால், அங்கே பிள்ளையின் கை இருக்கிறது.

வீட்டில் பழைய இதழ் இருக்கிறது. எப்படிப் பாதுகாப்பது?

முதலில் செய்யக்கூடாதவை. லேமினேஷன் வேண்டவே வேண்டாம், செலோ டேப்பும் வேண்டாம். வருஷங்கள் போனால் அந்தப் பசையே தாளைத் தின்றுவிடும். ஈரமாக இருந்தால் வெயிலில் போடாமல் நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். துருப்பிடித்த பின்களைக் கத்தி முனையால் மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிடுங்கள், அந்தத் துருதான் நடுத்தாளைக் கிழிக்கிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஈரம் வருஷத்தில் பாதி நாள் இருக்கும். சுவரை ஒட்டி வைக்காமல், இரும்பு அலமாரியில் மேல்தட்டில் வையுங்கள். ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

போனில் படம் எடுப்பதானால் ஜன்னல் பக்கத்து நிழல் வெளிச்சம் போதும், ப்ளாஷ் வேண்டாம். அட்டை, பின்னட்டை, விளம்பரம், கடைசியில் அச்சகத்தின் பெயர் உள்ள வரி, எல்லாவற்றையும் எடுங்கள். வெண்பாவை மட்டும் எடுத்து அனுப்புகிறவர்கள் அதிகம். எந்த இதழ் என்று தெரியாமல் அந்த வெண்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஒரு வேதனையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியில் வெள்ளையடிக்க அறையைக் காலி செய்தபோது, நாற்பது வருஷத் தொகுதிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் கேள்விப்பட்டு மறுநாள் காலையில் கடைக்குப் போனபோது லாரி ஏறிவிட்டது. கடைக்காரர் நல்ல மனுஷர், தேடிப்பார்த்து ஒரு அட்டையைக் கொடுத்தார். அதை வைத்திருக்கிறேன்.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

முதலில் அந்தந்தப் பள்ளி நூலகத்தில் கேளுங்கள், பிறகு பழைய ஆசிரியர்களின் வீட்டில். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் கன்னிமாரா நூலகமும் உண்டு. நாம் திருவிதாங்கூரில் இருந்தோம் என்பதால் திருவனந்தபுரத்தின் பொது நூலகத்தையும் ஆவணக் காப்பகத்தையும் விட்டுவிடாதீர்கள், தமிழ் ஆய்வாளர்கள் அங்கே போவதே இல்லை. லண்டன் மிஷன் சங்கத்தின் ஆவணங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் ஸோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் பலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம்.

மறுபதிப்புப் போட அனுமதி வேண்டுமா?

இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை பதிப்புரிமை உண்டு. பெயர் இல்லாமல் வந்ததற்கு, வெளியான ஆண்டிலிருந்து 60 வருஷம். பெயருள்ள மாணவர் நீண்ட நாள் வாழ்ந்திருந்தால் உரிமை இன்னும் வாரிசுகளிடம் இருக்கலாம், விசாரித்துவிடுங்கள். உரிமை முடிந்திருந்தாலும் சொல்லிவிட்டுப் போடுவதுதான் முறை. தாத்தா எழுதினார் என்றே தெரியாத வீடுகள் உண்டு. அச்சான பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டும்போது அந்த வீட்டில் நடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு இதெல்லாம் பிடிக்குமா?

வியாசம் பிடிக்காது. ஈற்றடி பிடிக்கும், வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். அரசுப் பள்ளிகளுக்கு இப்போது 'தேன்சிட்டு' வருகிறது, ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை. அதில் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். அதை வாசிக்கிற வகுப்பில் நூறு வருஷத்துக்கு முந்தைய பக்கம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டுங்கள், போதும்.

எங்களிடம் முழு இதழ் இல்லை, ஒரே ஒரு கிழிந்த தாள்தான். அனுப்பலாமா?

கட்டாயம். என்னிடமே அப்படி ஒரு தாள் இருக்கிறது. ஒரு பழைய அகராதிக்குள் அடையாளத் தாளாகக் கிடந்தது. ஒரு பக்கம் ஆங்கில வியாசத்தின் முடிவு. மறுபக்கம் பிச்சிப்பூவைப் பற்றி எட்டு அடிப் பாட்டு. விடியற்காலம் மொட்டுப் பறிக்கும்போது விரலில் படும் பனியைச் சொல்கிறது. கீழே 'ஐந்தாம் பாரம், தோவாளை' என்று தெளிவாக இருக்கிறது. அதற்கு மேலே தாள் கிழிந்துவிட்டது. பெயரில் மிஞ்சியிருப்பது 'ணன்' என்ற இரண்டெழுத்து. கிருஷ்ணனா, நாராயணனா, லட்சுமணனா? தாளின் மறுபாதி வேறு யாருடைய புத்தகத்துக்குள்ளாவது இருக்கலாம். தோவாளைப் பக்கத்து வீடுகளில் பழைய புத்தகங்களை ஒதுக்கும்போது கொஞ்சம் விரித்து உதறிப் பாருங்கள்.